பிளாஸ்மிட்டில் ஒரிஜின் இருக்கிறது, காலனி மட்டும் வரவில்லை: ரெப் புரதம் உண்மையில் என்ன செய்கிறது?

#1 ஈரமேசை

வணக்கம். பத்து நாளாக ஒரே இடத்தில் நிற்கிறேன். தெரிந்தவர்கள் உதவுங்கள்.

வேறொரு ஆய்வகத்திலிருந்து ஒரு பிளாஸ்மிட் (பாக்டீரியாவுக்குள் குரோமோசோமைச் சாராமல் பெருகும் சிறிய டி.என்.ஏ வட்டம்) அனுப்பியிருந்தார்கள். ஜெல்லில் ஓட்டிப் பார்த்தேன், பட்டை பளிச்சென்று வந்தது. அளந்து பார்த்ததில் செறிவும் சரியாக இருந்தது. டிஎச்5 ஆல்பா என்ற ஈ.கோலை செல்களில் கலந்து, 42 டிகிரியில் ஹீட் ஷாக் கொடுத்து, ஒரு மணி நேரம் ஷேக்கரில் வைத்துவிட்டு கானமைசின் பிளேட்டில் (பிளாஸ்மிட் உள்ள செல் மட்டும் பிழைக்கும் ஆன்டிபயாட்டிக் தட்டு) பரப்பினேன். மறுநாள் காலை பிளேட் துடைத்துவிட்டது போல இருந்தது. வெளிச்சத்துக்கு நேராகச் சாய்த்துப் பிடித்தால் ஸ்ப்ரெடர் போன தடம் மட்டும் வளையம் வளையமாகத் தெரிந்தது. அதே செல்லில், அதே நாளில், பியுசி வகைப் பிளாஸ்மிட் ஒன்றைப் போட்டதற்கு எண்ண முடியாத அளவுக்குக் காலனி. மூன்று முறை செய்துவிட்டேன், மூன்று முறையும் இதே கதை.

வரைபடத்தில் 'ஆர்6கே காமா ஒரிஜின்' (ஆர்6கே என்ற பிளாஸ்மிட்டில் இரட்டிப்பு தொடங்கும் இடம்) என்று போட்டிருக்கிறது. என் சந்தேகம் இதுதான். செல்லுக்குள் டி.என்.ஏ-வைப் படியெடுக்கும் பாலிமரேஸ் இருக்கிறது, ஹெலிகேஸ் இருக்கிறது, பிரைமேஸ் இருக்கிறது. பிளாஸ்மிட்டில் ஒரிஜினும் இருக்கிறது. பிறகு ஏன் இரட்டிப்பு நடக்கவில்லை?

#2 மஞ்சள்பிளேட்

செல் பழசா இருக்கும். புதுசா காம்பிடென்ட் செல் பண்ணுங்க, இல்லன்னா எலெக்ட்ரோபோரேஷன் (மின் அதிர்ச்சி கொடுத்து டி.என்.ஏ-வை உள்ளே தள்ளறது) போட்டுப் பாருங்க. கானமைசின் அளவையும் ஒருமுறை சரிபாருங்க.

#3 வளையம்_22

செல்லில் பழுதில்லை. கன்ட்ரோல் பிளேட்டில் காலனி குவிந்திருக்கிறதே, அதுவே சாட்சி. எலெக்ட்ரோபோரேஷனும் வேண்டாம். எத்தனை கோடி செல்களுக்குள் அந்தப் பிளாஸ்மிட்டைத் தள்ளினாலும் டிஎச்5 ஆல்பாவில் அது பெருகாது.

ஆர்6கே காமா ஒரிஜின் வேலை செய்ய 'பை' என்ற புரதம் வேண்டும். அதற்கான ஜீனின் பெயர் பிர். இயற்கையில் கிடைத்த முழு ஆர்6கே பிளாஸ்மிட்டில் அந்த ஜீன் ஒரிஜினுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. உங்கள் கைக்கு வந்திருப்பது ஒரிஜினை மட்டும் வெட்டி வைத்துக் கட்டியது. பிர் ஜீனைக் குரோமோசோமில் சுமக்கும் ஸ்ட்ரெய்ன் (ஈ.கோலையின் ஒரு வகை) தனியாக உண்டு. பெயரில் 'பிர்' அல்லது 'லாம்டா பிர்' என்று இருக்கும். லாம்டா பிர் என்றால் லாம்டா பேஜ் (பாக்டீரியாவைத் தாக்கும் ஒரு வைரஸ்) வழியாக அந்த ஜீனைக் குரோமோசோமில் சேர்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அதில் போடுங்கள், நாளைக்கே காலனி வரும்.

#4 ஈரமேசை

அக்கா, மிக்க நன்றி. பக்கத்து ஆய்வகத்தில் அந்த ஸ்ட்ரெய்ன் இருக்கிறதாம், கேட்டிருக்கிறேன்.

ஆனால் காரணம் புரியாமல் செய்ய மனம் வரவில்லை. ஒரிஜின் என்பது பாலிமரேஸ் வந்து உட்காரும் இடம் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். ஜீனின் முன்னால் இருக்கும் புரோமோட்டரைத் தேடி ஆர்.என்.ஏ பாலிமரேஸ் வருவது போல. அப்படி இல்லையா?

#5 வளையம்_22

அந்த ஒப்பீட்டில்தான் பலரும் சறுக்குகிறார்கள். நானும் இரண்டு வருடம் அப்படித்தான் நினைத்திருந்தேன், ஆகவே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

ஆர்.என்.ஏ பாலிமரேஸால் இரட்டை இழையைத் தானே பிரிக்க முடியும், முதல் எழுத்தையும் (நியூக்ளியோடைடு) தானே வைக்க முடியும். டி.என்.ஏ பாலிமரேஸுக்கு இரண்டும் முடியாது. ஏற்கெனவே பிரிந்த இழை வேண்டும், அதன்மேல் நீட்டத் தொடங்குவதற்கான சிறு துண்டு, அதாவது ஒரு பிரைமரும் வேண்டும். பிரைமர் வைக்கும் டிஎன்ஏ-ஜி என்ற பிரைமேஸும் மூடிக் கிடக்கும் வட்டத்தில் எதுவும் செய்யாது. இழைகளைப் பிரித்துக்கொண்டே போகும் ஹெலிகேஸ் டிஎன்ஏ-பி. ஆறு துண்டு சேர்ந்த மோதிரம் அது. ஒற்றை இழை ஒன்று மோதிரத்தின் நடுவே நுழைந்த பிறகுதான் ஓடும். முனையே இல்லாத வட்டத்தில் மோதிரத்தை எப்படி மாட்டுவது? நீங்கள் சொன்ன கருவிகள் எல்லாம் செல்லில் தயாராக இருந்தும் முதல் வாய்ப்புக் கிடைக்காமல் சும்மா நிற்கின்றன.

அந்த முதல் வாய்ப்பை உண்டாக்குவதுதான் ரெப் புரதத்தின் (பிளாஸ்மிட்டின் இரட்டிப்பைத் தொடங்கி வைக்கும் புரதம், உங்கள் விஷயத்தில் பை) வேலை. உங்கள் காமா ஒரிஜினின் வரிசையைத் திறந்து பாருங்கள். 22 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு சிறுசிறு மாற்றங்களுடன் அடுத்தடுத்து ஏழு முறை வரும். இதற்கு ஐட்டரான் என்று பெயர். எஃப் பிளாஸ்மிட்டில் 19 எழுத்தில் நான்கு. ஆர்கே2 என்ற பிளாஸ்மிட்டில் 17 எழுத்தில் ஐந்து இருந்தாலே போதும். பிஎஸ்சி101 என்ற பிளாஸ்மிட்டில் மூன்று. ஒவ்வொரு ஐட்டரானிலும் ஒரு ரெப் வந்து உட்காரும். எல்லாம் ஒரே திசையைப் பார்த்து, வரிசையாக.

உட்கார்ந்ததும் அங்கே டி.என்.ஏ வளைகிறது. பக்கத்தில் ஐஎச்எஃப், எச்யு போன்ற புரதங்களும் வளைத்துக் கொடுக்கின்றன. பிளாஸ்மிட் ஏற்கெனவே எதிர்த்திசையில் முறுக்கேறிக் கிடக்கிறது. அந்த முறுக்கின் இறுக்கம் முழுவதும் பக்கத்திலிருக்கும் பலவீனமான இடத்தில் போய் விழுகிறது. அந்த இடம் ஏ-யும் டி-யும் நிறைந்த பகுதி. ஜி-சி சோடியை மூன்று ஹைட்ரஜன் பிணைப்புகள் பிடித்திருக்கின்றன, ஏ-டி சோடியை இரண்டுதான். அடுக்குகளுக்கு இடையிலான பிடிப்பும் அங்கே குறைவு. அந்தப் பகுதி பிரிகிறது. பிரிந்த வாயில் டிஎன்ஏ-சி துணையோடு டிஎன்ஏ-பி மாட்டப்படுகிறது. மோதிரம் நகர ஆரம்பித்ததும் பிரைமேஸ் வரும், பிறகு பாலிமரேஸ் 3 வரும், மற்றதெல்லாம் செல் வழக்கமாகச் செய்யும் வேலைதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஈ.கோலையில் இரட்டிப்பு விநாடிக்குச் சுமார் 1000 எழுத்து வேகத்தில் ஓடுகிறது. 6000 எழுத்துப் பிளாஸ்மிட்டைப் படியெடுக்கச் சில விநாடிகள் போதும். 46 லட்சம் எழுத்துள்ள குரோமோசோமுக்கு இரண்டு பக்கமும் ஓடினாலும் 40 நிமிடம் ஆகிறது. அதாவது பிளாஸ்மிட்டைப் பொறுத்தவரை படியெடுப்பது ஒரு பொருட்டே இல்லை. எப்போது ஆரம்பிப்பது, எத்தனை முறை ஆரம்பிப்பது என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. எனக்கு இந்தப் புரதங்கள்மேல் இத்தனை பிரியம் வந்ததும் அதனால்தான்.

#6 நொதிக்காரன்

'பிரிகிறது' என்று அக்கா எழுதியதைக் கண்ணால் பார்க்கவும் வழி இருக்கிறது. பொட்டாசியம் பெர்மாங்கனேட். அதேதான், ஊதா நிறப் படிகம்.

சோடி சேர்ந்த டி எழுத்தைப் பெர்மாங்கனேட் அவ்வளவாகத் தொடாது. சோடி பிரிந்த டி கிடைத்தால் உடனே ஆக்சிஜனேற்றம் செய்துவிடும். பிளாஸ்மிட், ரெப், எச்யு எல்லாவற்றையும் சேர்த்து வைத்துவிட்டு, கொஞ்ச நேரத்துக்கு மட்டும் பெர்மாங்கனேட் விட்டு, மெர்காப்டோஎத்தனால் ஊற்றி நிறுத்த வேண்டும். ஊற்றிய கணத்தில் ஊதா போய்க் கரைசல் பழுப்பாகும். பிறகு குறியிட்ட பிரைமரை வைத்து நீட்டிக்கொண்டு போனால், பாதிக்கப்பட்ட டி இருக்கும் இடத்திலெல்லாம் பாலிமரேஸ் நின்றுவிடும். ஜெல்லில் ரெப் சேர்க்காத பாதை காலியாக இருக்கும். சேர்த்த பாதையில் ஏ-டி பகுதியில் மட்டும் ஏணிப்படி போலப் பட்டைகள். முதல்முறை அந்தப் படத்தை வெளியே எடுத்தபோது ஈரம் காயும்வரை கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

அந்தச் சோதனையில் நான் கற்றுக்கொண்ட ஒன்று: வட்டத்தை ஒரு நொதியால் வெட்டி நேராக்கிவிட்டால் ஏணிப்படி காணாமல் போகும். ரெப் அப்போதும் ஐட்டரானில் உட்கார்ந்துதான் இருக்கிறது, முறுக்கு இல்லாததால் இழை பிரிவதில்லை. உட்காருவது வேறு வேலை, திறப்பது வேறு வேலை என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

இன்னொன்று. குரோமோசோமைத் திறக்கும் டிஎன்ஏ-ஏ புரதத்துக்கு ஏ.டி.பி வேண்டும். ஐட்டரான் வகை ரெப் புரதங்களுக்கு அது தேவையில்லை. இறக்கை போன்ற மடிப்புள்ள இரண்டு பகுதிகளால் டி.என்.ஏ-வைப் பிடிக்கின்றன. எஃப் பிளாஸ்மிட்டின் ரெப்-இ ஐட்டரானைப் பிடித்திருக்கும் படிக அமைப்பு 1999-ல் வந்தது. 251 அமினோ அமிலம் உள்ள சின்னப் புரதம், டி.என்.ஏ-வின் ஒரே பக்கத்தில் சாய்ந்து இரண்டு கையாலும் பற்றியிருக்கும். நம் செல்களில் ஒரிஜினைக் கண்டுபிடிக்கும் புரதங்களிலும் இதே இறக்கை மடிப்பு இருக்கிறது.

#7 மஞ்சள்பிளேட்

எல்லாம் சரிங்க, ஆனா ஒண்ணு இடிக்குது. பியுசி பிளாஸ்மிட்ல ரெப் ஜீனே கிடையாதே! வரைபடத்துல பார்த்தா ஆம்பிசிலின் ஜீன், லாக்-இசட் துண்டு, ஒரிஜின், அவ்வளவுதான். அது எந்த ஸ்ட்ரெய்ன்ல போட்டாலும் பெருகுது. அப்போ தொடங்கறதுக்குப் புரதம் கட்டாயம்னு எப்படிச் சொல்றீங்க?

#8 பழைய_ஆய்வாளர்

நல்ல கேள்வி. இதற்கு ஒரு பழைய சோதனையிலிருந்து பதில் சொல்கிறேன். என் மாணவப் பருவத்தில் பிளாஸ்மிட் தயாரிப்பதற்கு ஒரு வழக்கம் இருந்தது. கல்ச்சர் நன்றாக வளர்ந்ததும் குளோராம்பெனிகால் போட்டு, இரவு முழுக்க ஷேக்கரில் விட்டுவிடுவோம். மறுநாள் பிளாஸ்மிட் அள்ள அள்ள வரும். புரத உற்பத்தியை நிறுத்தும் மருந்தைப் போட்டால் பிளாஸ்மிட் ஏன் கூட வேண்டும் என்று அப்போது யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை.

விளக்கம் இது. கோல்இ1 வகைப் பிளாஸ்மிட்டுகளுக்கு (பிபிஆர்322, பியுசி எல்லாம் இந்தக் குடும்பத்தின் நெருங்கிய உறவு) சொந்தத் தொடக்கப் புரதம் இல்லை. ஒரிஜினுக்கு 555 எழுத்து முன்னாலிருந்து ஆர்.என்.ஏ 2 என்ற ஆர்.என்.ஏ எழுதப்படுகிறது. ஒரிஜினை அடைந்ததும் அது டி.என்.ஏ-வை விட்டு விலகாமல் ஒட்டிக்கொள்கிறது. ஆர்.என்.ஏஸ் எச் என்ற நொதி அதை வெட்டுகிறது. வெட்டிய முனையே பிரைமர். பாலிமரேஸ் 1 அங்கிருந்து நீட்ட ஆரம்பிக்கிறது. இவை எல்லாம் செல்லில் ஏற்கெனவே இருக்கும் நீண்ட ஆயுள் கொண்ட நொதிகள். எனவே புதிய புரதம் உருவாகாவிட்டாலும் வேலை நடக்கும். குரோமோசோம் புதிய சுற்றைத் தொடங்கப் புதிய புரதம் வேண்டும், ஆகவே அது நின்றுவிடும். 1972-ல் கிளெவெல் வெளியிட்ட அளவீட்டில், செல்லுக்கு இரண்டு டசன் அளவிலிருந்த கோல்இ1, ஆயிரத்தைத் தாண்டிப் போனது.

அதே குளோராம்பெனிகாலைப் பிஎஸ்சி101 உள்ள செல்லில் போட்டால் அது பெருகாது. அதற்குப் புதிய ரெப் வேண்டும். இரண்டு குடுவைகளைப் பக்கத்தில் வைத்து இதைச் செய்து காட்டினால் எந்த மாணவருக்கும் ஐந்து நிமிடத்தில் வேறுபாடு பதிந்துவிடும்.

1963-ல் ஜேக்கப், பிரென்னர், குசான் மூவரும் ரெப்ளிகான் கருத்தை முன்வைத்தபோது, ஒவ்வொரு ரெப்ளிகானும் தனக்கென ஒரு தொடக்கியை உருவாக்கும், அது தனக்குரிய இடத்தில் செயல்படும் என்றார்கள். பிளாஸ்மிட் புரதம் ஒன்றைக்கூட யாரும் பிரித்தெடுத்திராத காலம் அது. ஐட்டரான் பிளாஸ்மிட்டுகள் அந்த வரியை எழுத்துக்கு எழுத்து மெய்ப்பித்தன. கோல்இ1 வேறு வழியில் போனது.

#9 மஞ்சள்பிளேட்

ரொம்ப நன்றிங்க ஐயா. இத்தனை வருஷமா பியுசி பயன்படுத்துறேன், இது தெரியாம இருந்திருக்கேன்.

#10 ஈரமேசை

வந்துவிட்டது! காலனி வந்துவிட்டது!

பக்கத்து ஆய்வகத்தில் இரண்டு ஸ்ட்ரெய்ன் கொடுத்தார்கள். ஒன்று சாதாரணப் பிர், இன்னொன்று பிர்-116. இரண்டிலும் போட்டேன், இரண்டிலும் காலனி. கூடவே டிஎச்5 ஆல்பாவையும் நான்காவது முறையாகப் போட்டு வைத்தேன், அது மட்டும் சுத்தமாக இருந்தது.

இப்போது அடுத்த கேள்வி. ஒரே அளவு கல்ச்சரிலிருந்து மினிபிரெப் செய்தேன் (செல்லை உடைத்துப் பிளாஸ்மிட்டைப் பிரித்தெடுத்தேன்). பிர்-116-லிருந்து வந்த டி.என்.ஏ ஜெல்லில் தடித்த பட்டை. சாதாரணப் பிர்-ல் அதே அளவு ஏற்றியும் பட்டை மங்கல். அப்படியென்றால் பிர்-116 ஸ்ட்ரெய்னில் பை புரதம் அதிகமாக உருவாகிறது என்று எடுத்துக்கொள்ளலாமா? தொடக்கி அதிகம், ஆகவே தொடக்கமும் அதிகம்?

#11 வளையம்_22

வாழ்த்துகள். நான்காவது முறையாகவும் டிஎச்5 ஆல்பாவைப் பக்கத்தில் வைத்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

கேள்விக்கு வருகிறேன். இல்லை. இந்தத் துறையில் எல்லோரையும் தடுமாற வைத்த இடமே இதுதான், இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

தொடக்கி அதிகமானால் நகல் அதிகமாக வேண்டும் என்பதுதான் இயல்பான எதிர்பார்ப்பு. அப்படியே செய்தும் பார்த்தார்கள். பி1 பிளாஸ்மிட்டின் ரெப்-ஏ புரதத்தை வெளியிலிருந்து கூடுதலாக உற்பத்தி செய்தார்கள். நகல் எண்ணிக்கை ஏறவில்லை. ஆர்6கே-யின் பை புரதத்திலும் அதே அனுபவம். அளவு மிக அதிகமானபோது இரட்டிப்பே தடைபட்டது. தொடக்கிப் புரதமே தடையாகவும் மாறுகிறது என்பதை ஏற்றுக்கொள்ளப் பலருக்கும் நேரம் பிடித்தது.

மறுபக்கம் இன்னொரு சோதனை. சம்பந்தமே இல்லாத வேறொரு பிளாஸ்மிட்டில் வெறும் ஐட்டரான்களை மட்டும் வைத்து அதே செல்லுக்குள் விட்டால், முதல் பிளாஸ்மிட்டின் எண்ணிக்கை குறைகிறது, சில நேரம் தொலைந்தே போகிறது. பி1-ல் ஒரிஜினுக்கு வெளியே ஒன்பது ஐட்டரான் கொண்ட ஒரு பகுதி உண்டு. அதை நீக்கிவிட்டால் பிளாஸ்மிட் பல மடங்கு பெருகுகிறது. ஆக செல்லில் எண்ணிக்கையை உணர்வது ஐட்டரான்கள். ரெப் புரதத்தின் அளவைக் கூட்டிக் குறைத்து மட்டும் அதை மாற்ற முடியாது.

ரெப் புரதம் செல்லில் இரண்டு நிலையில் இருக்கிறது. ஒற்றையாக இருக்கும்போது ஐட்டரானில் உட்கார்ந்து ஒரிஜினைத் திறக்கும். இரண்டு சேர்ந்து இரட்டையாகிவிட்டால் வேறு வேலை. தன் சொந்த ஜீனின் முன்னால் போய் உட்கார்ந்து, மேற்கொண்டு தன்னை உற்பத்தி செய்ய விடாமல் அடைக்கும். அந்த இடத்தின் வரிசையைப் பார்த்தால் ஐட்டரானின் ஒரு பகுதியைத் தலைகீழாகத் திருப்பி எதிரெதிரே வைத்தது போல இருக்கும். ஒரே புரதம், ஒற்றைக்கு ஒரு முகவரி, இரட்டைக்கு ஒரு முகவரி.

இன்னொன்றும் இருக்கிறது. பிளாஸ்மிட் எண்ணிக்கை கூடும்போது செல்லில் ரெப் உட்கார்ந்த ஐட்டரான் வரிசைகளும் கூடுகின்றன. ஒரு பிளாஸ்மிட்டின் வரிசையும் இன்னொன்றின் வரிசையும் ரெப் வழியாகவே ஒன்றோடொன்று பிணைந்துகொள்கின்றன. இதைக் கைவிலங்கு என்று சொல்வார்கள். இரண்டு பேர் கையையும் சேர்த்து ஒரே விலங்கில் பூட்டியது போல. பிணைந்திருக்கும்வரை இரண்டு ஒரிஜினும் திறக்காது. செல் வளர்ந்து இடம் பெருகும்போது, பிரியும்போது, பிளாஸ்மிட்டுகள் ஒன்றையொன்று சந்திப்பது குறைகிறது. விலங்கு கழன்று மறுபடி ஒரு சுற்று நடக்கிறது. வெளியிலிருந்து யாரும் எண்ண வேண்டியதில்லை. பிளாஸ்மிட்டுகள் நெருக்கமானால் நிற்கும், விலகினால் ஓடும்.

இனி பிர்-116. அதில் பை புரதத்தின் அளவில் விசேஷமில்லை, புரதமே மாறியிருக்கிறது. ஒரே ஒரு அமினோ அமிலம். இரட்டையாகச் சேரும் பழக்கமும் விலங்கு பூட்டும் பழக்கமும் தளர்ந்துவிட்டன, திறக்கும் வேலை அப்படியே இருக்கிறது. சாதாரணப் பிர்-ல் செல்லுக்குச் சுமார் 15 என்றால் இதில் 250 அளவுக்குப் போகும். உங்கள் ஜெல்லில் தடித்துத் தெரிந்தது அதுதான்.

#12 நொதிக்காரன்

அக்கா சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம். எஃப் பிளாஸ்மிட்டில் இரட்டை ரெப்-இ ஐட்டரானைத் தொடுவதில்லை என்பது சரி. ஆர்6கே-யில் அவ்வளவு சுத்தமாகப் பிரிக்க முடியாது. பை புரதத்தின் இரட்டையும் ஐட்டரானில் உட்காரும். உட்கார்ந்து இடத்தை அடைத்துக்கொள்ளும், திறக்காது. ஆகவே ஒற்றைக்கும் இரட்டைக்கும் அதே இடத்துக்குப் போட்டி நடக்கிறது.

அப்படியானால் இரட்டையைப் பிரித்து ஒற்றையாக்குவது யார்? இங்கேதான் ஷாப்பரோன்கள் வருகின்றன. டிஎன்ஏ-கே, டிஎன்ஏ-ஜே, ஜிஆர்பி-இ என்ற மூன்றும் பொதுவாக மடிப்புக் கெட்ட புரதங்களைச் சரிசெய்பவை. இவற்றில் பழுது உள்ள செல்லில் சிறிய எஃப் பிளாஸ்மிட் நிலைக்காது. ரெப்-இ இரட்டையாகவே முடங்கிக் கிடக்கும். ஆனால் அதே புரதத்தில் 118-ஆவது அமினோ அமிலமான ஆர்ஜினினைப் புரோலினாக மாற்றிவிட்டால், அது எப்போதும் ஒற்றையாகவே இருக்கும், ஷாப்பரோன் உதவியே தேவைப்படாது. ஆர்கே2-வின் ரெப் புரதமான டிஆர்எஃப்-ஏ-வைப் பிரித்துவிடுவது சிஎல்பி-எக்ஸ் என்ற இன்னொரு ஷாப்பரோன். பி1-ன் ரெப்-ஏ-வுக்கு சிஎல்பி-ஏ கூட உதவும்.

#13 வளையம்_22

ஒப்புக்கொள்கிறேன். எளிமையாகச் சொல்லும் ஆர்வத்தில் எஃப் பிளாஸ்மிட்டின் கணக்கை ஆர்6கே மேல் ஏற்றிவிட்டேன்.

#14 திராட்சைக்கொத்து

நான் ஸ்டாபிலோகாக்கஸில் வேலை செய்பவள். எல்லோரும் ஈ.கோலையைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் பக்கத்தில் தொடக்கம் வேறு மாதிரி, அதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

பிடி181 என்ற 4.4 கிலோபேஸ் (4400 எழுத்து) பிளாஸ்மிட். அதன் தொடக்கி ரெப்-சி. இது இழைகளைப் பிரித்து ஹெலிகேஸை மாட்டுவதோடு நிற்பதில்லை, டி.என்.ஏ-வையே வெட்டுகிறது. ஒரிஜினில் கொண்டை ஊசி போலத் துருத்திக்கொண்டிருக்கும் இடத்தில் ஒரே ஒரு இழையை நறுக்கும். நறுக்கிய 5-பிரைம் முனை புரதத்தின் 191-ஆவது டைரோசினோடு ஒட்டிக்கொள்கிறது. மறுமுனை, அதாவது 3-பிரைம் முனை, அப்படியே பிரைமராகிவிடுகிறது. தனியாக ஆர்.என்.ஏ பிரைமர் தேவையில்லை. பிசிஆர்-ஏ என்ற ஹெலிகேஸ் பழைய இழையை உரித்துக்கொண்டே போக, பாலிமரேஸ் வட்டத்தைச் சுற்றி வருகிறது. உருளும் வட்டம் என்று சொல்வார்களே, அதுதான்.

எனக்கு மிகவும் பிடித்தது இதன் முடிவு. ரெப்-சி இரட்டையாகத்தான் வேலை செய்கிறது. சுற்று முடிந்து பாலிமரேஸ் ஒரிஜினைத் தாண்டிப் பத்துப் பன்னிரண்டு எழுத்து போனதும், இரட்டையில் மற்றொரு பாதி வெட்டி ஒட்டி வட்டங்களை விடுவிக்கிறது. அந்தக் கடைசிப் பத்துப் பன்னிரண்டு எழுத்துத் துணுக்கு மட்டும் ஒரு டைரோசினில் நிரந்தரமாக ஒட்டிக்கொள்கிறது. அந்த ரெப்-சி அதற்குப் பிறகு இன்னொரு சுற்றைத் தொடங்க உதவாது. ஒரு தொடக்கத்துக்கு ஒரு புரதம், தீக்குச்சி மாதிரி. எனவே எங்கள் பிளாஸ்மிட்டில் ரெப்-சி எவ்வளவு உற்பத்தியாகிறது என்பதே எண்ணிக்கையைத் தீர்மானிக்கிறது. அதை எதிர்-ஆர்.என்.ஏ ஒன்று கட்டுப்படுத்துகிறது. ஈரமேசை #10-ல் கேட்ட 'தொடக்கி அதிகம், தொடக்கமும் அதிகம்' என்ற கணக்கு ஐட்டரான் உலகில் தவறு, இங்கே கிட்டத்தட்டச் சரி.

#15 மஞ்சள்பிளேட்

இது அருமை. ஒரு சந்தேகம் கேக்கலாமா? 30 டிகிரியில மட்டும் வளர்க்கச் சொல்ற பிளாஸ்மிட்டுகள் இருக்கே, ஜீன் நீக்கறதுக்குப் பயன்படுத்துறது. அதுவும் இந்த ரெப் விஷயம்தானா?

#16 வளையம்_22

அதேதான். அவற்றில் இருப்பது பிஎஸ்சி101-ன் ஒரிஜின், அதன் ரெப்-ஏ-வில் வெப்பத்தைத் தாங்காத ஒரு மாற்றம். 30 டிகிரியில் வேலை செய்யும், 42 பக்கம் போனால் ரெப் முடங்கிவிடும். பிளாஸ்மிட்டை யாரும் அழிப்பதில்லை, புதிய சுற்று தொடங்காமல் போகிறது, அவ்வளவுதான். செல்லுக்கு ஐந்து பிளாஸ்மிட் இருந்ததாக வையுங்கள். மூன்று தலைமுறையில் செல்லுக்கு ஒன்றுக்கும் குறைவு. இருபது தலைமுறை கழித்துப் பத்து லட்சம் செல்லுக்கு அதே ஐந்துதான், அதாவது இரண்டு லட்சத்தில் ஒன்றில் மட்டும். அதனால்தான் 42-ல் வளர்த்துக் கோடு இழுத்தால், எடுக்கிற காலனி அநேகமாக எல்லாமே பிளாஸ்மிட் இல்லாததாக இருக்கிறது.

#17 ஈரமேசை

இன்னும் ஒன்றே ஒன்று. பை புரதம் கிடைத்தால் என் பிளாஸ்மிட் எந்த பாக்டீரியாவிலும் பெருகுமா?

#18 நொதிக்காரன்

பெருகும் என்று உறுதி சொல்ல முடியாது. ரெப் தனியாக இயங்குவதில்லை, அந்தச் செல்லின் டிஎன்ஏ-ஏ, டிஎன்ஏ-பி ஆகியவற்றோடு அது கைகோக்க வேண்டும். அந்தப் பிடிமானம் பொருந்தாத இனத்தில் ஒரிஜின் திறந்தாலும் ஹெலிகேஸ் ஏறாது.

பல இனங்களில் வாழும் பிளாஸ்மிட்டுகள் இதை இரண்டு விதமாகச் சமாளிக்கின்றன. ஆர்கே2 தன் டிஆர்எஃப்-ஏ-வை 33, 44 கிலோடால்டன் என இரண்டு நீளத்தில் தயாரிக்கிறது. ஈ.கோலையில் ஹெலிகேஸைக் கொண்டுவர டிஎன்ஏ-ஏ-வின் துணை வேண்டும். சூடோமோனாஸ் ஏருஜினோசாவில் நீளமான வடிவம் அந்தத் துணையில்லாமலே ஹெலிகேஸைச் சேர்த்துக்கொள்ளும். அதோடு டிஆர்எஃப்-ஏ, பிரிந்த இழைகளில் குறிப்பிட்ட ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்கிறது, பாலிமரேஸின் பீட்டா வளையத்தையும் தானே பற்றுகிறது. இரட்டிப்பு எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதுவரை அதன் கையில் இருக்கிறது.

ஆர்எஸ்எஃப்1010 இன்னும் துணிச்சலானது. ஒரிஜினைப் பிடிக்க ரெப்-சி, ஹெலிகேஸாக ரெப்-ஏ, பிரைமேஸாக ரெப்-பி, மூன்றையும் தன்னோடு சுமக்கிறது. செல்லின் டிஎன்ஏ-ஏ, பி, சி, ஜி எதுவும் வேண்டாம், பாலிமரேஸ் இருந்தால் போதும். 8.7 கிலோபேஸுக்குள் இவ்வளவும்.

#19 பழைய_ஆய்வாளர்

ஈரமேசை, ஒரு விஷயம் கேட்க வேண்டும் என்றிருந்தேன். அந்தப் பிளாஸ்மிட்டை அனுப்பியவர்கள் ஏன் பிர் ஜீனை எடுத்துவிட்டு ஒரிஜினை மட்டும் வைத்தார்கள் என்று யோசித்தீர்களா? வரைபடத்தில் நீங்கள் ஆராயும் பாக்டீரியாவின் குரோமோசோம் துண்டு ஏதாவது இருக்கிறதா?

#20 ஈரமேசை

ஐயா, நீங்கள் கேட்ட பிறகுதான் பார்த்தேன். கானமைசின் ஜீனுக்குப் பக்கத்தில் 800 எழுத்து அளவுக்கு எங்கள் பாக்டீரியாவின் சொந்த ஜீன் துண்டு இருக்கிறது!

என் வழிகாட்டியிடமும் பேசினேன். பிர் உள்ள ஈ.கோலையில் பெருக்கிக்கொண்டு, கான்ஜுகேஷன் (ஒரு பாக்டீரியா இன்னொன்றுக்கு நேரடியாக டி.என்.ஏ கடத்துவது) வழியாகப் பிர் இல்லாத எங்கள் பாக்டீரியாவுக்குள் அனுப்ப வேண்டுமாம். அங்கே அது தானாகப் பெருக முடியாது. ஆகவே கானமைசினில் பிழைக்கும் காலனி என்றால், அந்த 800 எழுத்து வழியாகக் குரோமோசோமுக்குள் நுழைந்துவிட்டது என்று அர்த்தம். நான் பத்து நாள் சரிசெய்யப் பார்த்த காலி பிளேட்தான் இந்தப் பிளாஸ்மிட்டை வடிவமைத்தவர்களுக்கு வேண்டியிருந்த பலன்.

டிஎச்5 ஆல்பா பிளேட்டைத் தூக்கிப் போடவில்லை. 'பிர் இல்லை, காலனி 0' என்று மார்க்கரில் எழுதி, படம் எடுத்து, நோட்டில் ஒட்டியிருக்கிறேன். திங்கட்கிழமை கான்ஜுகேஷன் தொடங்குகிறேன். இரண்டு பிர் ஸ்ட்ரெய்னில் எதை எடுப்பது, அக்கா?

#21 வளையம்_22

டி.என்.ஏ தயாரிக்க மட்டும் என்றால் பிர்-116. கான்ஜுகேஷனுக்கு இரண்டும் வேண்டாம். கடத்தும் டிரா ஜீன்கள் குரோமோசோமிலேயே இருக்கிற லாம்டா பிர் ஸ்ட்ரெய்ன் தேவைப்படும், எஸ்17-1 லாம்டா பிர் போல. பிளாஸ்மிட்டில் ஓரி-டி (கடத்தல் தொடங்கும் இடம்) இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், அது இல்லாவிட்டால் நகராது.

#22 ஈரமேசை

ஓரி-டி இருக்கிறது. வரைபடத்தில் ஆர்பி4 பிளாஸ்மிட்டுடையது என்று போட்டிருக்கிறது. ஸ்ட்ரெய்ன் கேட்டு இப்போதே மெயில் அனுப்புகிறேன்.